தானாக அணைந்து தானாக எழும் மேசைக் கணினி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ரங்கூன் நகரின் நடுவில், எண்ணால் பெயர் சொல்லும் தெருக்களில் ஒன்றில், ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் சென்ற மழைக்காலத்தில் எனக்கு ஆள் அனுப்பினார். நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். கணினி நாளுக்கு மூன்று நான்கு முறை தானாக அணைகிறது, தானாக எழுகிறது, எழுதியதெல்லாம் போய்விடுகிறது என்றார். எனக்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். இருவரும் செய்தது ஒரே வைத்தியம்: விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டது. இரண்டாம் முறை போட்டபோது பழைய வரவு செலவுக் கோப்புகளும் சேர்ந்தே அழிந்தன.

எப்போது அணைகிறது என்று கேட்டேன். அதற்கென்ன நேரம் காலம், நினைத்தால் அணைகிறது என்று சலித்துக்கொண்டார். நான் பெட்டியைத் திறக்கவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொடுத்து, அணையும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், விளக்கு சிமிட்டியதா என்று மூன்றை மட்டும் குறிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நான்காம் நாள் காலை தெருவில் நின்று குரல் கொடுத்தேன். மின்தூக்கி இல்லாத கட்டடம். செய்தித்தாளும் காய்கறியும் மேலே போவதற்கென்று பால்கனியிலிருந்து தொங்கும் கயிறு ஆடி ஆடி இறங்கியது. நுனிக் கிளிப்பில் தாள். பதினொரு குறிப்பு, அவற்றில் ஒன்பது மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே. படி ஏறாமலே பாதி நோய் பிடிபட்டது.

கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தத் தாள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது. எந்த உறுப்பு கெட்டது என்று தொடங்கினால் ரேம், பவர் சப்ளை, மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்ற வேண்டியிருக்கும். எப்போது விழுகிறது என்று தொடங்கினால் பெரும்பாலும் ஒன்றை மாற்றினால் போதும். சில வேளை எதையும் மாற்ற வேண்டாம்.

முதலில் இரண்டு காரியம்

ஒன்று, கணினி விழாமல் ஓடுகிற இடைவெளியிலேயே முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் படி எடுத்துவிடுங்கள். அது முடியும்வரை மற்ற எதையும் தொடாதீர்கள்.

இரண்டு, விண்டோஸின் ஒரு பழக்கத்தை நிறுத்துங்கள். உள்ளே பெரிய பிழை நேர்ந்தால் நீலத் திரையைக் காட்டிவிட்டு நாம் படிப்பதற்குள் அது தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும். பார்ப்பவருக்கு மின்சாரம் போய் வந்ததுபோலவே தெரியும். கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அதில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்று போனால் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற வரிக்கு முன்னால் ஒரு குறி இருக்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

இனி இரண்டில் ஒன்று நடக்கும். நீலத் திரை வந்து அசையாமல் நின்றால் பிழையை விண்டோஸ் பார்த்திருக்கிறது. திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். திரை எதுவும் வராமல் பட்டென்று கறுத்துவிட்டால் விண்டோஸுக்கே சேதி தெரியாது. காலடியிலிருந்து மின்சாரத்தை உருவிவிட்டார்கள் என்று பொருள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் ‘கெர்னல்-பவர் 41’ என்ற சிவப்புப் பதிவைக் கண்டு பயந்து வருகிறார்கள். போனமுறை முறையாக மூடப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு ஒன்றும் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதியில் ‘பக்செக் கோட்’ என்று ஓர் எண் இருக்கும்; அதுதான் பயன்படும். 0 என்றிருந்தால் மின்சாரம் அறுந்தது, அல்லது கணினி அப்படியே உறைந்தது. வேறு எண் என்றால் நீலத் திரை. இந்த எண் பத்தடிமானத்தில் இருக்கும், நீலத் திரையில் வருவதோ பதினாறடிமானம். இங்கே 292 என்றால் அங்கே 124. இது தெரியாமல் 292-ஐத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளக்கு சிமிட்டும்போது கணினியும் விழுகிறது

இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கணினியைப் பழிக்கும் முன் சுவரில் இருக்கும் பிளக்கைச் சந்தேகப்படுங்கள்.

பர்மாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது ஏட்டுக் கணக்கு. அக்காவின் வீட்டில் மாலை ஏழு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தபோது 165 காட்டியது. 115, 230 என்று பின்புறம் சிவப்பு ஸ்விட்ச் வைத்த பழைய வகைப் பவர் சப்ளைகள் 230 பக்கத்தில் 180 வோல்டுக்குக் கீழே வேலை செய்யும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. (வோல்டேஜ் குறைவுதானே என்று அந்த ஸ்விட்சை 115-க்குத் தள்ளிவிடாதீர்கள். நடு இரவில் வோல்டேஜ் ஏறும்; பட்டாசு வெடிக்கும்.) ஸ்விட்ச் இல்லாத, 100 முதல் 240 வரை என்று அச்சிட்ட வகை 165-ஐப் பொருட்படுத்தாது. ஆகவே முதல் வேலை, பெட்டியின் பின்னால் குனிந்து அந்த ஒட்டுத்தாளைப் படிப்பது.

அக்காவின் வீட்டில் ஸ்டெபிலைசர் இருந்தது. பிறகு ஏன்? அருகில் உட்கார்ந்து காது கொடுத்தேன். அதே ஸ்டெபிலைசரில்தான் குளிர்சாதனப் பெட்டியும் ஓடியது. அதன் கம்ப்ரஸர் எழும்பும்போது ஒரு பெரிய மூச்சு இழுக்கும், வோல்டேஜ் சரியும், ஸ்டெபிலைசருக்குள் ரிலே என்ற மின் ஸ்விட்ச் ‘டக்’ என்று இடம் மாறும், அந்த மாற்றத்தில் ஒரு கணம் மின்சாரம் அறுந்து சேரும். விளக்குக்கு அது ஒரு சிமிட்டல். பவர் சப்ளைக்கு அது ஆயுள் கேள்வி. தரப்படி செய்த பவர் சப்ளை 16 மில்லிசெகண்டு அளவுக்கு மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 20 மில்லிசெகண்டு ஆகிறது. அதாவது ஒரு சுற்று முழுதாகத் தவறினாலே விழ இடமுண்டு. உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் கிழடு தட்டியிருந்தால் அதில் பாதியும் தாங்காது. மூன்று ‘டக்’ கேட்டேன். மூன்றாவதில் கணினி விழுந்தது. அக்கா என்னைப் பார்த்தார், நான் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தேன்.

கணினியை அந்த ஸ்டெபிலைசரிலிருந்து பிரித்து, தனி யூபிஎஸ் ஒன்றில் மாட்டியதும் விழுவது நின்றது. யூபிஎஸ் வாங்கும்போது வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும் ‘லைன் இன்டராக்டிவ்’ வகையாகப் பாருங்கள். உள்வரும் வோல்டேஜ் 140 முதல் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலை முழுவதும் அது பேட்டரிக்குத் தாவித் தாவி, பேட்டரியை ஒரு வருடத்தில் கொன்றுவிடும்.

யூபிஎஸ் இருந்தும் விழுகிறதா? கோப்புகளைச் சேமித்துவிட்டு யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கணினியும் அதோடு போனால் பேட்டரி செத்துவிட்டது. ஈய அமிலப் பேட்டரிக்கு வெயில் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சித்திரையில் இங்கே மாடி வீடுகளின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, தீர்ந்த பேட்டரி நிரம்ப ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். முறை வைத்து மின்சாரம் வரும் நாளில் அவ்வளவு நேரம் அதற்கு யார் கொடுக்கிறார்கள்?

பேட்டரி நல்லதாக இருந்தும், பிடுங்கியவுடன் கணினி விழுந்து யூபிஎஸ் மட்டும் ‘பீப்’ போட்டுக்கொண்டு நிற்கிறதென்றால் அது வேறு கதை. மலிவான யூபிஎஸ், இன்வெர்ட்டர்கள் கொடுப்பது வளைந்த அலை ஆகாது. படிக்கட்டு போன்ற அலை. மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ‘ஆக்டிவ் பிஎஃப்சி’ சுற்று உள்ள நல்ல பவர் சப்ளைகளில் சிலவற்றுக்கு இந்தப் படிக்கட்டு பிடிக்காது. நல்ல பவர் சப்ளை வாங்கிப் போட்ட பிறகு நோய் வந்தது என்பவர்கள் இதைப் பாருங்கள். மருந்து, ‘ப்யூர் சைன்வேவ்’ என்று எழுதிய யூபிஎஸ்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். கைப்பிடியைத் திருப்பி ஜெனரேட்டரிலிருந்து தெரு மின்சாரத்துக்கு மாற்றும் முன் கணினியை மூடுங்கள். மின்சாரம் வந்ததும் தெருவெல்லாம் பிள்ளைகள் ‘மீ லாப்பி’ (மின்சாரம் வந்துவிட்டது) என்று கூவும் அல்லவா, அந்தக் கூவலோடு கணினியைப் போடாதீர்கள். கட்டடம் முழுவதும் மோட்டார்கள் ஒரே நேரத்தில் எழும்பும் தருணம் அது; வந்த மின்சாரம் இரண்டு முறை போய் வந்துதான் நிலைக்கும். ஐந்து நிமிடம் தேநீர் குடியுங்கள்.

நீங்கள் போடாமலே அந்த நேரத்தில் கணினி தானாக எழுந்துகொள்கிறதென்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் எழும் போர்டின் சொந்த அமைப்புத் திரைக்குள், ‘ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். பெயர் போர்டுக்குப் போர்டு கொஞ்சம் மாறும். அதை ‘பவர் ஆஃப்’ என்று வையுங்கள். மின்சாரம் மூன்று முறை போய் வந்தால் மூன்று முறையும் எழுந்து விழுந்து, கடைசியில் ஹார்டு டிஸ்கையும் இழுத்துக்கொண்டு போகிற கணினிகளை இந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கிறது.

பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்கிறது என்று பலர் சொல்வதுண்டு. பழைய கட்டடங்களில் பிளக்குக்கு எர்த் இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த் இல்லாத இரும்புப் பெட்டியை ஏறக்குறையப் பாதி வோல்டேஜில் மிதக்க விட்டுவிடும். மின்னோட்டம் சிறியது, ஆளைத் தூக்கிப் போடாது. ஆனால் யூஎஸ்பி பொருள் செருகும்போதெல்லாம் கணினி உறைகிறது, விழுகிறது என்றால் இதுவே காரணமாக இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுங்கள். தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றும் யோசனையை மறந்துவிடுங்கள். கீழ் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருப்பார்.

விளக்கு அசையவில்லை, கணினி மட்டும் பட்டென்று போகிறது

சுவர்ப் பக்கம் சுத்தம் என்றால் அடுத்தது கேபிளும் பவர் சப்ளையும். கேபிளை இரண்டு முனையிலும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதில் சோற்றுப் பானை, அதிலேயே கணினி என்ற அமைப்பைக் கலையுங்கள். பிளக்கின் கால் கறுத்திருந்தால் அது தீய்ந்த இடம்.

பவர் சப்ளை கெட்டதென்பதற்கு அடையாளம், வேலை கூடும்போது விழுவது: வீடியோ ஓடும்போது, பெரிய கோப்பை அச்சுக்கு அனுப்பும்போது. சும்மா இருக்கும்போது மணிக்கணக்கில் விழாமல் நிற்கும். மீட்டர் இருந்தால் ஹார்டு டிஸ்குக்குப் போகும் நான்கு கம்பி இணைப்பில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே பாருங்கள்: 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வரை. கணினி சும்மா இருக்கும்போது அளந்து திருப்தி அடையாதீர்கள், வேலை கொடுத்து அளங்கள். 12 வோல்ட் 11.2-க்கு இறங்கினால் விசாரணை முடிந்தது. சரியாகக் காட்டினாலும் முழு நிரபராதி என்று விட முடியாது. கண நேரச் சரிவை மீட்டர் பிடிக்காது. அப்போது நண்பரிடம் நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி ஒரு நாள் மாட்டிப் பார்ப்பதே தீர்ப்பு.

பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் நேர்மின்சாரம் தங்கியிருக்கலாம். நானும் அதைத் திறந்து பழுது பார்ப்பதில்லை, மாற்றிவிடுகிறேன். மதர்போர்டைப் பார்க்கலாம்: ப்ராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்புப் பிசின் கசிந்திருந்தால், அந்தப் போர்டின் காலம் ஆகிவிட்டது. 2000-க்குப் பின் வந்த சில ஆண்டுகளின் போர்டுகளில் இது கொள்ளை நோய்போல வந்தது. இங்கே அந்த வயதுப் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன.

திறந்த கையோடு பல்லியையும் தேடுங்கள். மழைக்காலத்தில் கதகதப்புக்காக உள்ளே போகும். பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். மதர்போர்டின் மேல் விழுந்தால் பலன் ஒன்றுதான்.

போட்டுப் பத்து இருபது நிமிடத்தில் அணைகிறது

சூட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சூட்டினால் விழும் கணினி பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், தானாக எழாது. உடனே போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணையும். அரை மணி ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் இருபது நிமிடம் ஓடும்.

காளி கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் ஓர் அச்சகம். கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் தமிழில் கோத்துக் கொடுப்பார்கள். பங்குனி உற்சவ நோட்டீஸ் குவியும் நேரம் பார்த்து அவர்களுடைய கணினி படுத்துவிட்டது. அண்ணன் ஒருவர் கையில் விசிறி வைத்துப் பெட்டிக்கு வீசிக்கொண்டிருந்தார். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வீசிக்கொண்டிருந்தார்.

பக்கத் தகட்டைக் கழற்றினோம். மூலையில் சாமி படம், அதற்குக் கீழே கணினி. பல வருடச் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திச் சாம்பலும் தெருத் தூசியோடு சேர்ந்து, ப்ராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்கின் இடுக்குகளில் கம்பளிபோல அடைந்திருந்தன. அதைத் தூரிகையால் சுரண்டி எடுத்தோம். காற்று ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் போகும். சுத்தம் செய்தும் சூடு 97 டிகிரி. பிறகுதான் கண்ணில் பட்டது. இன்டெல் ப்ராசசரோடு வரும் விசிறிக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால்கள் உண்டு. மூன்று போர்டுக்குள் இறங்கியிருந்தன. நான்காவது, துளையின் மேல் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கி, ப்ராசசரின் மேல் நுனிக்காலில் நிற்பதுபோல் நின்றது. சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலையாக நான்கு காலையும் ‘கிளிக்’ கேட்கும்வரை அழுத்தினேன். போர்டின் பின்புறம் நான்கு கால்நுனியும் பிளந்து வெளியே தெரிய வேண்டும், அதுதான் சாட்சி. சூடு 64-க்கு இறங்கியது. சாமி படத்தை அவர்கள் நகர்த்தவில்லை, கணினியை நகர்த்தினார்கள்.

சூட்டை அளக்க இலவச மென்பொருள்கள் உண்டு. பயாஸிலேயே ஓர் எண் தெரியும். இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி எல்லை. ஏஎம்டியின் ரைசன் வகையில் பலவற்றுக்கு 95. வேலை நேரத்தில் 80-க்குள் நின்றால் வேறு காரணம் தேடுங்கள்.

நீலத் திரை வருகிறது

எழுத்தைப் படியுங்கள், எண்ணையும் பாருங்கள். நான்கைந்து மட்டும் மனத்தில் இருந்தால் போதும்.

‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயரில் வந்தால், ரேம். கணினியை மூடி, கேபிளைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். ரேமைக் கழற்றுங்கள். கடல் காற்றும் மழை ஈரமும் சேர்ந்து அதன் பொன்னிறப் பற்களில் மங்கலான படலம் படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள். மழைக்காலத்தில் என்னிடம் வருகிறவற்றில் பல இத்தோடு வீட்டுக்குத் திரும்புகின்றன.

சரியாகவில்லையென்றால் இரண்டு ரேமில் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றோடு ஓட்டுங்கள். மறுநாள் மற்றதோடு. ‘மெம்டெஸ்ட்86’ என்ற சோதனையை இரவெல்லாம் ஓடவிடுங்கள் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். இரவெல்லாம் மின்சாரம் உள்ள ஊர்க்காரர்கள் எழுதியது. நாம் ஒரு துண்டு ரேமை ஒரு மின்சார முறைக்குள் சோதிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டு ஆகாது. பயாஸில் ‘எக்ஸ்எம்பி’ போட்டு ரேமை வேகமாக ஓட்டுகிறவர்கள் முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

124 என்ற எண்ணோடு ‘டபிள்யூஹெச்இஏ’ என்று வந்தால் ப்ராசசரோ அதற்குப் போகும் மின்சாரமோ முறையிடுகிறது. சூடு, பவர் சப்ளை, பயாஸ் என்ற வரிசையில் போங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசை ப்ராசசர்களில் வோல்டேஜ் மிஞ்சி ப்ராசசரே தேய்ந்துபோகும் கோளாறு 2024-இல் தெரியவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதற்கான பயாஸ் திருத்தங்கள் வருகின்றன. அந்த வகை வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் பேட்டரி நன்றாக உள்ள நாளில் பயாஸைப் புதுப்பியுங்கள். பாதியில் மின்சாரம் போனால் போர்டு செங்கல்.

116 என்றால் கிராபிக்ஸ் கார்டு, அல்லது அதை இயக்கும் மென்பொருளான டிரைவர். விளையாட்டில் மட்டும் விழுகிறதா என்று தாளைப் பாருங்கள். டிரைவரை முழுவதும் நீக்கிப் போடுங்கள். கார்டுக்கு இரண்டு மின் இணைப்பு இருந்தால் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள், ஒரே கேபிளின் இரட்டை வால் வேண்டாம்.

7ஏ வந்தால் டிஸ்க். ‘கிரிட்டிக்கல் ப்ராசஸ் டைடு’ என்று வந்தாலும் டிஸ்கை விசாரியுங்கள். விழுவதற்கு முன் சுட்டி அசைந்தும் மற்றதெல்லாம் உறைந்து நிற்பது இதன் முன்னறிவிப்பு. டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், மிக மலிவான மருந்து. பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகளில் கெட்ட செக்டார் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்கை ஓட்டி டிஸ்கை வதைக்கும் முன் கோப்புகளை வெளியே எடுங்கள்.

7பி, நம் ஊரில் நான் அடிக்கடி சந்திக்கும் ஏமாற்றுக்காரன். ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்து வந்து மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கும். டிஸ்க் போயிற்று என்று அழுவார்கள். கணினியின் கடிகாரத்தைக் கேளுங்கள்: தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். போர்டில் இருக்கும் நாணயம்போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் உள்ள ஊரில் அது நெடுங்காலம் தாங்கும், ஏனென்றால் பிளக்கில் இருக்கும்வரை அதற்கு வேலையில்லை. இங்கே நாளில் பாதி நேரம் அதுதான் பயாஸின் நினைவைச் சுமக்கிறது. அது தீர்ந்ததும் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும், டிஸ்கைப் படிக்கும் முறை ‘ஏஹெச்சிஐ’யிலிருந்து வேறொன்றுக்கு மாறிவிடும், விண்டோஸுக்குத் தன் வீட்டுக் கதவே தெரியாது. பேட்டரியை மாற்றி அமைப்பைப் பழையபடி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல எழும்.

விண்டோஸ்வரை வரவே இல்லை, எழுந்து எழுந்து விழுகிறது

முன்புறப் பொத்தானைச் சந்தேகியுங்கள். ஈரத்தில் துருவேறிய ரீசெட் பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் கணினி முடிவில்லாமல் மறுதொடக்கம் ஆகும். பவர் பொத்தான் ஒட்டினால் போட்ட நாலைந்து வினாடியில் அணையும். போர்டின் கீழ்மூலையில் இந்தப் பொத்தான்களின் மெல்லிய கம்பிகள் செருகியிருக்கும். ரீசெட் கம்பியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். மறுதொடக்கம் நின்றுவிட்டதா? அந்தப் பொத்தான் இல்லாமலே வாழலாம். இந்தச் சின்ன விஷயத்துக்காக மதர்போர்டையே மாற்றிய வீடு ஒன்றை அறிவேன்.

பொத்தானில் குற்றம் இல்லையென்றால் ஒரு ரேம், ப்ராசசர், பவர் சப்ளை தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிட்டுப் போடுங்கள். விழாமல் நிற்குமானால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

விண்டோஸ் சின்னம்வரை வந்து விழுந்தால், நேற்று புதிதாக என்ன சேர்ந்தது என்று கேளுங்கள். ஒரே ஒரு கெட்ட கோப்பு போதும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை இப்படித்தான் நீலத் திரையில் தள்ளியது. அடிப்படைக் கோப்புகளோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை அழித்ததும் அவை எழுந்தன. நாமும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும்: விண்டோஸ் எழும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இப்படி மூன்று முறை செய்தால் பழுதுநீக்கும் திரை வரும். அதில் சேஃப் மோடு இருக்கிறது, கடைசிப் புதுப்பிப்பை நீக்கும் வழியும் இருக்கிறது.

ஒழுங்காக மூடினாலும் தானாக எழுகிறது

பெரிய வியாதி ஒன்றும் இல்லை. பயாஸில் ‘வேக் ஆன் லான்’ அணையுங்கள், விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அணையுங்கள். தூக்கத்தில் வைத்துவிட்டு மூடினேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. சுட்டி உரசினால் எழத்தான் செய்யும்.

விண்டோஸை எப்போது மாற்றலாம்

இவ்வளவும் பார்த்த பிறகு. அதற்கு முன்பும் ஒரு சோதனை உண்டு, காசு செலவில்லை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் உபுண்டுவை ஒரு யூஎஸ்பியில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு படம் பாருங்கள். அதிலும் விழுந்தால் விண்டோஸ் குற்றவாளி இல்லை, நூறு முறை மாற்றினாலும் விழும். அதில் நிம்மதியாக ஓடி, விண்டோஸில் மட்டும் விழுந்தால், விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’ ஓட்டிப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மாற்றுங்கள். அக்காவின் வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர் இந்த இரண்டு மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் அவருடைய கோப்புகள் பிழைத்திருக்கும்.

கடைக்குக் கொண்டு போவதென்று முடிவெடுத்தால் நேரம் குறித்த தாளையும், நீலத் திரைப் படத்தையும், வீட்டில் கணினிக்கு மாட்டியிருந்த அதே பவர் கேபிளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலோர் பெட்டியை மட்டும் சுமந்து வருகிறார்கள். என் மேசையில், என் கேபிளில், என் யூபிஎஸ்ஸில் அது நாள் முழுவதும் நன்றாகவே ஓடும். “சயா, இங்கே ஓடுகிறதே!” என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே மறுபடியும் ஐந்து மாடி சுமந்து ஏற்றுவார்கள்.